கால் எட்டும் உயரம்

நேயர்களுக்கு வணக்கம். என் உயரம் 5 அடி 3 அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பைக்கில் உட்கார்ந்தால் கால் எட்டவில்லையே என்ற கவலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஓடுகிற வண்டியில் யாரும் குட்டையில்லை. நிறுத்தும்போதுதான் வம்பு. கால் தரையைத் தேடும், கட்டைவிரல் நுனி மட்டும் படும், வண்டி மெல்லச் சாயும். 180 கிலோ சாயத் தொடங்கிவிட்டால் நுனிக்காலால் பிடிக்க முடியாது.

உடனே வண்டியின் உயரத்தையே இறக்கிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு புத்தகத்தைக் கவட்டையில் ஒட்டிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் உங்கள் கால் நீளம் கிடைக்கும். ஆனால் அதையும் சீட் உயரத்தையும் மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்துவிட முடியாது. சீட்டின் அகலமும் கணக்கில் உண்டு. அகலமான சீட்டில் தொடைகள் விரிந்துதான் கீழே இறங்க வேண்டும், அந்த விரிப்பிலேயே கால் நீளம் கரைந்துவிடும். ஒல்லியான 820 மில்லிமீட்டர் சீட்டில் ஊன்ற முடிகிற கால், அகலமான 790 மில்லிமீட்டர் சீட்டில் தவிப்பதுண்டு.

அதனால் நான் கை வைக்கச் சொல்வது முதலில் சீட்டில்தான். டேங்கை ஒட்டிய முன்பகுதியின் இரண்டு பக்க விளிம்புகளையும் செதுக்கச் சொல்லுங்கள். உட்காரும் இடத்தில் 20 மில்லிமீட்டர் ஃபோம் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் பேராசைப்பட்டால் அடித்தட்டு உட்கார்ந்த இடத்தில் இடிக்கும். இன்னொரு விலையும் உண்டு. சீட் இறங்கும், ஃபுட்ரெஸ்ட் இறங்காது. முழங்கால் கூடுதலாக மடங்கும், நெடும்பயணத்தில் வலிக்கும். ஆனாலும் வண்டியின் நடத்தையைத் தொடாமல் உயரத்தைக் குறைக்கிற வழி இதுதான். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸும் அப்படித்தான். சிரிக்காதீர்கள், அந்த ஓர் அங்குலம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

அடுத்தது ஸ்பிரிங். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் கொஞ்சம் அமுங்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையிலிருந்து கணக்கிட்டால், சாதாரணச் சாலை வண்டிகளுக்கு 30 முதல் 40 மில்லிமீட்டர் அமுக்கம் போதும். எடை குறைந்தவர் உட்கார்ந்து 15 தான் அமுங்குகிறது என்றால் ஸ்பிரிங் அவருக்கு இறுக்கமாக இருக்கிறது. ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையத்தை ஓரிரண்டு படி தளர்த்தினால் காசில்லாமல் வண்டி இறங்கிவிடும். அளவுக்கு மேல் தளர்த்தினால் பள்ளத்தில் விழும்போது அடி வரை போய் இடிக்கும். பின்னால் ஆள் ஏறினால் மறுபடி இறுக்க வேண்டும்.

இதெல்லாம் போதவில்லையா? சரி, இப்போது வண்டியையே இறக்கலாம். ஒற்றை ஷாக் கொண்ட வண்டிகளில் அதன் அடியில் லிங்க், அதாவது ஷாக்கையும் பின்சக்கரப் பகுதியையும் இணைக்கும் துண்டு, இருந்தால் அதை மாற்றுவார்கள். பெரும்பாலான வண்டிகளில் நீளமான லிங்க் போட்டால் பின்பக்கம் இறங்கும், சிலவற்றில் நேர்மாறு. லிங்க்கில் சில மில்லிமீட்டர் மாறினால் சக்கரத்தில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு மாறும். அதனால் கண்ணளவில் இரும்புத் துண்டு வெட்டிப் போடும் வேலை இங்கே ஆகாது.

பின்பக்கத்தை மட்டும் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் நிறைய. அப்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஹேண்டில் திரும்பச் சோம்பல்படும், ஹெட்லைட் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். எனவே முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்களையும் அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் தளர்த்தி, ஏறத்தாழ அதே அளவுக்கு மேலே ஏற்றி முன்பக்கத்தையும் இறக்க வேண்டும். வண்டியின் முன்பக்கத்தை உறுதியாக முட்டுக்கொடுத்துவிட்டு, இரண்டு குழாயும் ஒரே அளவு என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து இறுக்க வேண்டும். ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது மட்கார்டு எங்கேயும் முட்டாத அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்பக்க உயரம் மாறினால் செயின் தொய்வும் மாறும், அதையும் பாருங்கள்.

அப்புறம் சைடு ஸ்டாண்ட். இதை நான் அனுபவித்தே கற்றேன். என் வண்டியை 25 மில்லிமீட்டர் இறக்கிய ஒரு மெக்கானிக் ஸ்டாண்டைத் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி இறங்கியும் ஸ்டாண்டின் நீளம் பழையபடியே இருந்ததால், சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி கிட்டத்தட்ட நிமிர்ந்து நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் லேசான மேடு ஒன்றில் நிறுத்தித் திரும்பினேன், வலது பக்கமாகக் கவிழ்ந்தது. கண்ணாடி உடைந்தது, பிரேக் லீவர் வளைந்தது. தரையில் கால் எட்டுவதற்காகச் செய்த வேலையில் வண்டியே தரைக்கு வந்துவிட்டது! ஸ்டாண்டை வெட்டி ஒட்ட வேண்டும், இல்லையேல் நீளம் மாற்றக்கூடிய ஸ்டாண்ட் போட வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் ஏற்றுவதும் முன்பைவிடக் கடினமாகும்.

இறங்கிய வண்டிக்கு அடிவயிற்றுக்கும் சாலைக்கும் இடைவெளி குறைவு. வேகத்தடையில் உரசும், வளைவில் ஃபுட்ரெஸ்ட் சீக்கிரமே தரையைத் தொடும். பழைய சாய்வுக்குப் போகாதீர்கள்.

இரண்டு பாதமும் முழுதாகப் பதிய வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிடலாம். இரண்டு முன்பாதங்கள் போதும், அல்லது ஒரு பாதம் முழுதாகப் பட்டால் போதும். நிற்கும்போது இடுப்பை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தி இடது காலை ஊன்றுங்கள், வலது கால் பிரேக்கிலேயே இருக்கட்டும். நிறுத்துமிடத்தில் பள்ளமோ ஜல்லியோ இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். சரிவில் முன்சக்கரம் கீழே பார்க்க, சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். பின்னால் தள்ள நமக்குக் கால் எட்டாது.

இதெல்லாம் கைவந்த பிறகு, போன வருடம் என் வண்டியை முன்னும் பின்னும் 10 மில்லிமீட்டர் திரும்ப உயர்த்திக்கொண்டேன். ஸ்டாண்டையும் அதற்கேற்ப நீட்டிவிட்டேன். நன்றி, வணக்கம்.