ஐப்பசியில் ஒரு நாள் சுற்று: வெள்ளோடு முதல் விஜயமங்கலம் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், இப்படிப் பழைய சிநேகிதர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாள் வெளியே கிளம்பினால் எங்கே போகலாம், எப்படிப் போகலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் நான் போகவில்லை. ஈரோட்டில் கிளம்பி வெள்ளோடு, சென்னிமலை, கொடுமணல், காங்கயம், ஊத்துக்குளி, விஜயமங்கலம் என்று சுற்றி ஈரோட்டுக்கே திரும்பும் வட்டம் ஒன்று இருக்கிறது. எல்லாம் சேர்த்து 120, 130 கிலோமீட்டர் வரும். திருப்பூர், பெருந்துறையிலிருந்து வருகிறவர்களும் விடிகாலையில் வெள்ளோட்டில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

ஏன் இந்த இரண்டு மாதம்? நம்முடைய சமவெளி மழை மறைவுப் பகுதி. ஆனி, ஆடியில் மேற்கு மலைகள் மழையை வாங்கிக்கொண்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குக் காற்றை மட்டும் அனுப்புகின்றன. ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை என்றால் அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஆகவே மேட்டாங்காடுகள் பச்சையாக இருப்பது புரட்டாசிக் கடைசியிலிருந்து மார்கழி வரைக்கும்தான். மாசியில் போனால் அதே நிலம் காய்ந்து செம்மண்ணாகக் கிடக்கும்.

இந்தப் பருவத்து மழைக்கு ஒரு வழக்கம் உண்டு. முற்பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு, மூன்று மணிக்குப் பிறகு இடியோடு கொட்டும். அதனால் திறந்த வெளியில் பார்க்க வேண்டியதையெல்லாம் இரண்டு மணிக்குள் முடித்துவிட்டு, கூரை உள்ள இடத்தைக் கடைசியில் வைக்க வேண்டும். நாள் முழுவதையும் இந்தக் கணக்கில்தான் அடுக்க வேண்டும். பலர் கோயிலைக் காலையில் முடித்துவிட்டு, குளத்தையும் காட்டையும் சாயங்காலத்துக்கு வைக்கிறார்கள். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியில் வழியும் தண்ணீரைத்தான் பார்க்க முடியும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று முந்தின நாள் செய்தியில் வந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். அது பொழுதோட வந்து போகிற மழை அல்ல. நாளெல்லாம் நசநசத்துக்கொண்டே இருக்கும்.

தேதி பார்ப்பதிலும் கவனம் வேண்டும். தீபாவளி நோம்பி வாரத்தில் சாலையெல்லாம் நெரிசல். நோம்பி முடிந்த அடுத்த ஆறு நாள் கந்த சஷ்டி. சென்னிமலை, சிவன்மலை இரண்டிலும் நிற்க இடமிருக்காது. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற வண்டிகள். நல்ல முகூர்த்த நாளென்றால் உங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு எங்காவது கல்யாணம் இருக்கும், வாடகை வண்டியும் கிடைக்காது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் வாரநாள் ஒன்று அகப்படும். காங்கயம் மாடுகளைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் ஞாயிற்றுக்கிழமையை எடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வண்டி ஒன்றாக இருக்கட்டும். பன்னிரண்டு பேருக்கு மூன்று கார் எடுத்தால் மூன்று தனிப் பயணமாகிவிடும். பேச்சு துண்டு துண்டாகப் போகும், ஒரு கார் வழி தவறினால் மற்ற இரண்டும் அதற்காகக் காத்துக் கிடக்கும். பன்னிரண்டு இருக்கை வேன் ஒன்றே போதும். மஞ்சள் எண் பலகை உள்ள வாடகை வண்டியாகப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நேர்ந்தால் காப்பீடு கேட்பதில் சிக்கல் வரும். நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர் அடக்கம், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு என்ன, ஓட்டுநர் பேட்டா எவ்வளவு என்று மூன்றையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். ஏறுகிற படி உயரமா என்றும் பாருங்கள். முழங்கால் வலிக்காரர்கள் அன்றைக்குப் பத்துத் தடவையாவது ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

கட்டுச்சோறு விஷயத்துக்கு வருகிறேன். வழியில் ஓட்டல் இருக்கிறதே என்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், ஓட்டலை நம்பிப் போனால் அந்த நேரம் தப்பும். அரிசியும் பருப்பும் சாதம் பன்னிரண்டு பேருக்கு ஒன்றேகால் கிலோ அரிசி, முந்நூற்றைம்பது கிராம் துவரம்பருப்பு. வீட்டில் உடனே சாப்பிட ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைப்போம். கட்டிக்கொண்டு போவதற்கு ஒன்றுக்கு மூன்றரை வையுங்கள், ஆறினால் இறுகிவிடும். தக்காளி, தேங்காய் இரண்டும் வேண்டாம், சீக்கிரம் ஊசிப்போகும். சின்ன வெங்காயமும் பூண்டும் நன்றாக வதங்கியிருக்கட்டும். கொதிக்கக் கொதிக்கப் போசியில் போட்டு மூடினால் மூடியில் கோத்த ஆவி சொட்டிச் சோறு நீர்த்துக் கெடும். அகலமான பாத்திரத்தில் பரப்பி, ஆவி அடங்கியபின் மூடுங்கள். விடிகாலையில் ஆக்கினதைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதற்கு மேல் தாங்க வேண்டுமென்றால் புளிச்சோறுதான். தயிர்ச்சோற்றுக்குக் காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக விட்டு, தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்த்துப் பிசையுங்கள். போய்ச் சேர்வதற்குள் தானே உறைந்து பதமாக இருக்கும். வாழையிலையை அனலில் வாட்டி எடுத்தால் மடிக்கும்போது கிழியாது. குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

ஈரோட்டில் ஐந்தரைக்குக் கிளம்பினால் விடியும்போது வெள்ளோட்டில் இருக்கலாம். இந்தப் பருவத்தில் பொழுது கிளம்புவது ஆறேகால் சுமாருக்கு. வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 77 ஹெக்டேர். 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, வாத்து வகைகள் என்று குளத்து நடுவே உள்ள மரங்களிலும் தண்ணீரிலும் பார்க்கலாம். வடக்கிலிருந்து வலசை வருகிறவை ஐப்பசியில் வரத் தொடங்கும், கார்த்திகை, மார்கழியில் கூடுதலாகும். பார்க்கிறவர் முதுகுப்பக்கம் சூரியன் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். இருநோக்கியில் எட்டு மடங்கு போதும். பத்து மடங்கு என்றால் நடுங்குகிற கையில் காட்சி ஆடும். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் இருநோக்கியின் ரப்பர் விளிம்பை மடக்கிவிட்டுப் பார்த்தால் முழு வட்டமும் தெரியும். உரக்கப் பேசக் கூடாது என்று சொல்லவே வேண்டாம். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகப் பல வருடங்களாகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அவர்கள் ஊருக்குள் போகிற நாம் ஒரு மணி நேரம் மெல்லப் பேசினால் என்ன?

சென்னிமலையில் இட்லி, காப்பி. மலையேற ஆசைப்பட்டால் படி 1,320. வண்டிப் பாதையும் இருக்கிறது. பாதிப் பேர் படியேறிப் பாதிப் பேர் கீழே காத்திருப்பது என்றால் இரண்டு மணி நேரம் போய்விடும். அன்றைக்கு எல்லோரும் வண்டியிலேயே மேலே போய் வருவது, இல்லையென்றால் கீழிருந்தே கும்பிட்டுக் கிளம்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். போர்வைக் கடைக்குள்ளும் நுழைய வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல கைத்தறிச் சரக்கு, அதில் சந்தேகமில்லை. பன்னிரண்டு பேர் நுழைந்தால் பத்தரை மணி வரை வெளியே வரமாட்டார்கள்.

அங்கிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர், நொய்யல் வடகரையில் கொடுமணல். போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இறங்கிப் பார்த்தவுடன் "இங்கே ஒண்ணுமே இல்லையேப்பா" என்று ஒருவராவது சொல்வார். அகழ்ந்த குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம். அதனால் வண்டியிலேயே ஒருவர் கதையைச் சொல்லிவிட வேண்டும். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இது. மேலைக் கடற்கரை முசிறியிலிருந்து கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழியில் இருந்தது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய அகழாய்வும் பின்னால் நடந்தவையும், இங்கே இரும்பு உருக்கியதையும் மணிக்கற்கள் அறுத்துப் பட்டை தீட்டித் துளையிட்டதையும் காட்டின. தமிழ்ப் பிராமியில் ஆட்களின் பெயர் கீறிய பானை ஓடுகள் ஏராளம். நீலப்பச்சைக் கல்லுக்குக் காங்கயம் பக்கத்துப் படியூர் கிட்டத்திலேயே இருக்கிறது. சிவப்புச் சூதுபவழமோ குஜராத் பக்கத்திலிருந்து வந்தது. இவ்வளவும் தெரிந்தபின் காட்டுக்குள் வட்டமாகக் கிடக்கிற கற்களைப் பார்த்தால் அவை ஈமக் குழிகள் என்பது புரியும். கல்லறைப் பலகைக் கல்லில் வட்டமாகத் துளை விட்டிருப்பார்கள், அதைத் தேடிப் பாருங்கள். பயிர் உள்ள காட்டில் கால் வைக்காதீர்கள். கீழே கிடக்கிற பானைச் சில்லையோ மணியையோ ஞாபகத்துக்கென்று பையில் போடாதீர்கள். கிடந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அது எந்தக் காலத்தது, எதோடு சேர்ந்தது என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

நொய்யலில் இறங்க வேண்டாம், சாயக்கழிவு கலந்த ஆறு. தரைப்பாலத்தில் எச்சரிக்கை வேண்டும். இங்கே வானம் வெளுத்திருந்தாலும் மேற்கே வெள்ளியங்கிரிப் பக்கம் பெய்த மழை பல மணி நேரம் கழித்து இங்கே வந்து சேரும். பாலத்துக்கு மேலே முழங்கால் அளவு தண்ணீர் ஓடினாலே காரை இழுத்துவிடும். தண்ணீருக்கடியில் பாலம் அரித்துப் போயிருந்தால் மேலிருந்து தெரியவும் தெரியாது. பத்துக் கிலோமீட்டர் சுற்றினாலும் மேம்பாலம் வழியே போங்கள்.

பதினோரு மணிக்குக் காங்கயம் பக்கம் வந்துவிட்டால் இந்தச் சுற்றிலேயே முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். அது கொறங்காடு. இதற்கு நுழைவுச் சீட்டும் இல்லை, வழிகாட்டும் பலகையும் இல்லை. சாலையோரம் எத்தனையோ பேர் இதைத் தாண்டிப் போகிறார்கள், என்னவென்று தெரியாமல். சரளைச் செம்மண்ணில் சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. நம் முன்னோர் உழவுக்கு ஆகாத நிலத்தை மேய்ச்சலாக நிறுத்திய முறை இது. கிளுவையைப் போத்து வெட்டி நட்டாலே தழையும். முள் நெருங்கி ஆடு கூடப் புகாத வேலியாகும். கோடையில் இலையுதிர்த்து வெறும் குச்சியாக நிற்பது, மழை விழுந்தவுடன் துளிர்த்துவிடும். கொழுக்கட்டைப் புல்லின் வேர் வறட்சியிலும் சாகாது. இரண்டு மழைக்கு முழங்கால் உயரம் எழும்பிக் கதிர் தள்ளும். வெள்வேலம் நிழலும் தரும், அதன் காயை மாடும் ஆடும் தின்னும். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாட்டை மாற்றிவிட்டு, மேய்ந்த காட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். காங்கயம் மாட்டின் கால் உறுதிக்கு இந்தச் சரளை மண்ணில் நாளெல்லாம் நடந்து மேய்வதும் ஒரு காரணம் என்பார்கள் பண்ணயக்காரர்கள்.

மாட்டையும் பார்க்கத் தெரிந்து பாருங்கள். கன்று பிறக்கும்போது செவலை, அதாவது சிவப்பு. சுமார் ஆறு மாதத்தில் மயிலையாக, அதாவது சாம்பல் நிறமாக மாறும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்திருக்கும், காயடித்த எருதுக்கு அந்தக் கருமை வெளுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போனால் நத்தக்காடையூர் அருகே பழையகோட்டை மாட்டுத்தாவணியில் காங்கயம் மாடுகளை வரிசையாகப் பார்க்கலாம். காலையிலேயே வியாபாரம் சூடுபிடிக்கும் என்பதால், அன்றைக்குக் கொடுமணலை விட்டுவிட்டு நேரே தாவணிக்குப் போய்விடுங்கள்.

கொறங்காட்டுக்குள் போக வேண்டுமென்றால் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது காட்டுக்காரர் வீட்டுக்குப் போய், "ஏனுங்க, கொறங்காட்டுக்குள்ள போயிப் பாத்துட்டு வரலாமுங்களா?" என்று கேளுங்கள். மறுக்கிறவர் குறைவு. திறந்த படலை வந்த கையோடு சாத்திக் கட்டிவிட வேண்டும். ஒரு மாடு வெளியே போய் அடுத்தவர் வெள்ளாமையில் வாய் வைத்தால் நம்மால் அவர்களுக்குள் சண்டை. மெல்லிய ரப்பர் செருப்பு உதவாது, வெள்வேல முள் அடியில் குத்தி மேலே வரும். வண்டியையும் புல்லில் இறக்காமல் தார் ஓரமாக நிறுத்துங்கள். வேலி கழித்த முள் சக்கரத்தில் ஏறினால் அரை நாள் போயிற்று. கன்று ஈன்ற மாட்டுக்குக் கிட்டே போகவே கூடாது.

சோற்றை அங்கேயே மர நிழலில் பிரிக்கலாம். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். பழைய சிநேகிதர்கள் பேச வருகிறார்கள். உட்கார இடமும் நேரமும் இருந்தால்தான் பேச்சு வரும். கீழே உட்கார முடியாதவர்களுக்கு மடக்கு நாற்காலி நான்கு எடுத்துவந்தால் எல்லோரும் ஒரே வட்டத்தில் இருக்கலாம். சாப்பிட்ட இலையை அங்கே விட்டாலும் பிளாஸ்டிக்கை ஒரு துணுக்குக் கூட விடாதீர்கள், மாடு தின்றால் குடலில் அடைக்கும். இடி கேட்டால் மட்டும் எழுந்துவிடுங்கள். வெட்டவெளியில் தனியாக நிற்கிற மரத்தடிதான் மின்னலுக்கு முதல் இடம். வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வதே பாதுகாப்பு.

இரண்டு மணிக்கு மேல் ஊத்துக்குளி வழி. வெண்ணெய் வாங்குகிறவர்கள் எவர்சில்வர் தூக்குப்போசியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டுக்கொண்டால் வீடு வரை உருகாது. நேரமிருந்தால் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போய், பக்தர் கனவில் ஆண்டவன் கேட்டதாகச் சொல்லும் பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டியில் அப்போது என்ன இருக்கிறது என்று பார்த்து வரலாம். நேரமில்லையென்றால் தயங்காமல் விடுங்கள்.

கடைசி இடம் விஜயமங்கலம். எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரப்பிரபருக்கான சமணக் கோயில், ஊர்க்காரர்களுக்கு நெட்டைக்கோபுரம். சிரவணபெளகொளாவில் கோமதேசுவரரை எழுப்பிய சாமுண்டராயரின் தங்கை புல்லப்பை இங்கே நோன்பிருந்து உயிர் நீத்தார். அவருடைய நினைவுக் கல் உள்ளே இருக்கிறது. கல் மண்டபம் என்பதால் வெளியே மழை கொட்டினாலும் நின்று நிதானமாகத் தூண் சிற்பங்களைப் பார்க்கலாம். பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரித்துக் காவலரைக் கூப்பிட வேண்டும். உள்ளே இருட்டு, ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் உருவமும் எடுப்பாகத் தெரியும்.

ஐந்து மணிக்கு வண்டி கிளம்பட்டும். ஆறு மணிக்கே இருட்டிவிடும் பருவம். நனைந்த தேசிய நெடுஞ்சாலையில் எதிர் விளக்குக் கண்ணைக் கூசும். செலவுக் கணக்கைப் பெருந்துறை வருவதற்குள் வண்டியிலேயே தீர்த்துவிடுங்கள், இறங்கினபின் யாரையும் பிடிக்க முடியாது. தனியாக வசிக்கிறவர்களை முதலில், வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுங்கள்.

வணக்கம்.