கப்பலேறும் வீணை

நேயர்களுக்கு வணக்கம்.

வீணையில் தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கும் 24 மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன. ஆணி கிடையாது. தேன்மெழுகோடு கரித்தூள் கலந்து, வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் மேல் இரண்டு வரம்பாகக் கட்டி, அதில் வெண்கல மெட்டுகளைப் பதிக்கிறார்கள். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். கப்பலில் வீணை கொண்டுபோக நினைப்பவர்கள் இந்த மெழுகை மறக்கவே கூடாது. இன்றைய பேச்சில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல் நம் ஊருக்குப் புதிதல்ல. கொண்டுவிற்கப் போனவர்களின் வீடுகள்தாம் செட்டிநாட்டு வீதியெல்லாம். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜுலா கப்பலின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்கிற ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். இப்போது பிள்ளைகள் உல்லாசக் கப்பலுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிறார்கள். திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர் போய், அங்கே கப்பல். அல்லது சென்னைத் துறைமுகத்திலிருந்தே இலங்கைக்கு. நான்கைந்து நாள் கடலில் சாதகம் விட்டுப்போகுமே என்று வீணையையோ வயலினையோ கூட எடுத்துக்கொள்ளத் தோன்றும். எடுத்துப் போகலாம். கேடு கடலில் மட்டும் இல்லை, போகிற வழியிலும் இருக்கிறது.

காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சித்திரை வெயிலில், காரின் டிக்கியில் வீணை. நடுவில் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்துகிறார்கள். பூட்டிய காருக்குள் சூடு மளமளவென்று ஏறும். தேன்மெழுகு முழுதாக உருகுவதற்கு 62 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் 40 டிகிரி தாண்டும்போதே அது இளகிவிடும். இளகிய மெழுகில் தந்தியின் இழுப்பும் வண்டியின் குலுக்கலும் சேர்ந்தால் மெட்டு சாயும். கீழ்ப்பக்கம், தந்திகளைத் தாங்கும் குதிரையை ஒட்டிய மெட்டுகள் ஒரு நூல் நகர்ந்தாலும் சுருதி கெட்டுவிடும். நடுக்கடலில் மேளம் கட்ட ஆள் கிடைக்காது. தஞ்சாவூர்ப் பக்கம் போனால்தான் கைதேர்ந்தவர்கள் கிடைப்பார்கள். ஆகவே வீணை டிக்கியில் போகக் கூடாது. ஏசி ஓடுகிற பின்சீட்டில், உறை மேல் வெயில் விழாமல் ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தி வையுங்கள். சாப்பிட இறங்கினால் அதுவும் உங்களோடு இறங்கட்டும்.

விமானத்தில் வயலினும் புல்லாங்குழலும் பெரும்பாலும் கையோடு வரும், விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். வீணை நான்கு அடி நீளம். சரக்கில் போடும் பெட்டிக்குப் பல கம்பெனிகள் நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 158 சென்டிமீட்டருக்குள் இருக்கச் சொல்கின்றன. வீணைப்பெட்டி அதைத் தாண்டிவிடும். அதனால் சீட்டு எடுக்கும்போதே எழுதிக் கேளுங்கள். தண்டியின் மேல்முனைக்கு அடியில் மாட்டியிருக்கும் சுரைக்காயைத் திருகிக் கழற்றித் தனியாகச் சுற்றிவையுங்கள். தந்திகளை ஒரு சுரம் அளவுக்குத் தளர்த்தினால் போதும். முழுதாகத் தளர்த்தினால் குதிரை இடம் மாறிவிடும். மிருதங்கத்தைத் தட்டும் கல்லும், நட்டு போல்ட் மிருதங்கத்துக்கு உள்ள ஸ்பானரும் கைப்பையில் வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சரக்குப் பெட்டியில் போடுங்கள்.

பெட்டகத்தில் இருக்கிற பழைய வீணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வேலைப்பாட்டில் யானைத் தந்தம் பதித்திருக்கலாம். அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்கிற உலக ஒப்பந்தத்தில் தந்தம் கடுமையான தடைப் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் வீணையே பறிபோகும். மான்கொம்பு வேலைப்பாடும் சிக்கல்தான். அவை வீட்டிலேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் பூ பதித்த புது வீணையை எடுத்துப் போங்கள். பலாமரம் அந்தப் பட்டியலில் இல்லை. தோல் வாத்தியங்களுக்கு ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறங்குமுன் கட்டாயம் அறிவிக்க வேண்டும். விலை கூடிய வாத்தியமானால், புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்கத்தாரிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது புதிதாக வாங்கி வந்ததா என்ற கேள்வி எழாது.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை எல்லாம் வாங்கி அடுக்கி, சாயங்காலத்துக்குள் அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். வாத்தியத்தை அந்தக் குவியலில் சேர்க்காதீர்கள். கையில் சுமந்துதான் ஏற வேண்டும். எக்ஸ்ரே இயந்திரத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

கப்பலுக்குள் வந்துவிட்டோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வேர்க்கிறதே, அதேதான் இங்கும். அறைக்குள் 22 டிகிரி, வெளியே 30 டிகிரி, ஈரம் 80 சதம். குளிர்ந்த வாத்தியத்தை நேரே மேல்தளத்துக்குக் கொண்டுபோனால் மரத்தின் மேலும் தந்தியின் மேலும் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீரோடு உப்பும் சேர்ந்தால் தந்தி துருப்பிடிக்கும், வயலினின் ஒட்டு விடும், மிருதங்கத்தின் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். வெளியே கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் உறையோடு அரை மணி நேரம் நிழலில் வைத்துவிட்டுத் திறங்கள். அறையில் பால்கனிக் கதவைத் திறந்து போட்டாலும் இதே கதைதான். பல கப்பல்களில் கதவு திறந்ததும் ஏசியும் நின்றுவிடும். 40 முதல் 60 சதம் ஈரம் மரத்துக்குச் சுகம், பெட்டிக்குள் சின்ன ஈரமானி ஒன்று போட்டுவையுங்கள். நம் ஊர் வறண்ட காற்றில் பழகிய மரம் கடலில் பருக்கும். வயலினில் தந்தியை முறுக்கும் பிரடை இறுகும், குழலின் குரல் மாறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளைத் துடையுங்கள். வீணைக்காரர்கள் விரலுக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய் எண்ணெயில் ஒரு துளியைத் துணியில் தொட்டு இழுத்துவிட்டால் உப்பு அண்டாது. எண்ணெய் மெழுகில் படவேண்டாம். பார்த்தீர்களா, மெழுகு மறுபடியும் வந்துவிட்டது.

வாத்தியத்தை எங்கே வைப்பது? அலமாரியின் மேல்தட்டு ஆகாது. கப்பல் ஆடினால் அங்கிருந்துதான் விழும். கட்டிலுக்கு அடியில், போர்வை சுற்றி, பெட்டிகளுக்கு நடுவில் ஆடாமல் செருகுங்கள். அறை பதிவு செய்யும்போதே கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். பின்பக்கம் கீழ்த்தளத்தில் இயந்திர அதிர்வு கூடுதல், வீணையின் பக்கவாட்டுத் தாளத் தந்திகளான பக்கசாரணி தானாகவே முனகும்.

அறை சின்னது, 160 சதுர அடி அளவில்தான் இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து வாசித்தால் மெத்தை அமுங்கி வீணையின் அடிப்பக்கக் குடம் சாயும். தரையில் போர்வையை நான்காக மடித்துப் போட்டு உட்காருங்கள். வீணை வித்வான்களான காரைக்குடி சகோதரர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இளையவர் சாம்பசிவ ஐயர், 1952ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர், நாமெல்லாம் வைப்பதுபோலக் கிடையாக வைத்து வாசித்தார். மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்தே வாசித்தார். ஒரே குடும்பம், ஒரே பாணி, ஆனால் வீணை இரு நிலையில். கட்டிலுக்கும் சோபாவுக்கும் இடையில் நான்கு அடி கிடைக்காதபோது அந்த நிமிர்ந்த வீணை எவ்வளவு அழகான வழி என்று தோன்றுகிறது. ஆனால் பழகாதவர்கள் கப்பலில் முதல்முறை முயல வேண்டாம். வீட்டுப் பட்டாலையில் ஒரு மாதம் பழகிவிட்டுப் போங்கள்.

பக்கத்து அறைக்காரர் தூக்கம் முக்கியம். சுவர்கள் மெல்லிய தகடு, ஒலி நன்றாகக் கடத்தும். இரவு 10 மணிக்கு மேல், காலை 8 மணிக்கு முன் வேண்டாம். வயலினுக்கு ரப்பர் மியூட் போடுங்கள். மிருதங்கம் அறைக்குள் ஆகவே ஆகாது, சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகலாம். கப்பல் கரையில் நிற்கும் நாளில் பாதிப் பேர் இறங்கிப் போய்விடுவார்கள், பொதுக்கூடங்கள் காலியாக இருக்கும். வரவேற்பு மேசையில் கேட்டு, அனுமதி வாங்கி வாசியுங்கள். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியைவிட, இணையம் இல்லாமலும் ஓடும் சுருதிச் செயலி போதும். சர்ஜ் காப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கப்பல்களில் அனுமதிப்பதில்லை, தீ அபாயம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பயணிகளே மேடையேறும் நிகழ்ச்சி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: முதல் நாளே பெயர் கொடுங்கள். மூன்று, நான்கு நிமிடம்தான் தருவார்கள். ஆலாபனை ஒரு நிமிடம், ஒரு சின்னக் கீர்த்தனை, அவ்வளவே. வீணைக்கு நாற்காலி வேண்டாம், தாழ்ந்த மேடையும் சமுக்காளமும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. காரைக்குடி வந்து சேர்ந்ததும் உறையைத் திறக்காதீர்கள். வெயில் படாத உள்ளறையில் ஓர் இரவு அப்படியே கிடக்கட்டும். மறுநாள் காலையில் திறந்து, முதலில் ஒவ்வொரு மெட்டாக விரலால் தொட்டு ஆடுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு தந்தியை ஏற்றுங்கள். வணக்கம்.