நண்பனின் வாழ்க்கையை எழுதியவர்: தொ.மு.சி. ரகுநாதன்

வணக்கம். ரகுநாதனைப் பற்றிப் பேசுங்கள் என்றதும் எனக்கு முதலில் வந்த சந்தேகம், எந்த ரகுநாதனைப் பற்றி என்பதுதான். கைத்தறி நெசவாளர்களை வைத்துப் 'பஞ்சும் பசியும்' நாவலை எழுதியவர் ஒருவர், கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஒருவர், திருச்சிற்றம்பலக் கவிராயர் என்ற பெயரில் கவிதை எழுதியவர் ஒருவர், ஐம்பதுகளில் 'சாந்தி' பத்திரிகையை நடத்தி, அதில் சுந்தர ராமசாமியின் 'தண்ணீர்' கதையைப் போட்டவர் இன்னொருவர். எல்லாரும் ஒரே ஆள்தான். அவர்களை எல்லாம் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, வாழ்க்கை வரலாறும் விமர்சனமும் எழுதிய ரகுநாதனை மட்டும் இன்று பார்க்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. ரகுநாதனின் நண்பர், சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தன் பிறந்தது 1906, ரகுநாதன் பிறந்தது 1923. பதினேழு வயது வித்தியாசம். இருவருக்கும் திருநெல்வேலிப் பேச்சு, இருவருக்கும் சென்னையில் பத்திரிகைப் பிழைப்பு. 1948இல் புதுமைப்பித்தன் இறந்தார். ரகுநாதனின் முதல் விமர்சன நூலான 'இலக்கிய விமர்சனம்' வந்ததும் அதே 1948தான். மூன்றே வருடத்தில், 1951இல், 'புதுமைப்பித்தன் வரலாறு' வந்துவிட்டது. எழுதியவருக்கு அப்போது இருபத்தெட்டு வயதுகூட நிறையவில்லை. அந்த வயதில் நம்மில் பலருக்கு இறந்துபோன நண்பனைப் பற்றி நாலு பக்கம் அஞ்சலிக் குறிப்பு எழுதவே கை நடுங்கும்.

அதற்கு முன்னால் தமிழில் இப்படிப்பட்ட புத்தகங்கள் இல்லாமல் இல்லை. உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதினார். அது மாணவர் எழுதியது, கை கட்டி நின்றுகொண்டே எழுதியது போன்ற ஒரு பணிவு அதில் கடைசிவரை இருக்கும். எழுத்தாளர் வ.ரா. பாரதியாரைப் பற்றி எழுதினார், அது பக்தியும் தோழமையும் கலந்தது. ரகுநாதன் செய்தது வேறு. அவர் எழுதிய ஆள் இன்னும் மகான் ஆகவில்லை, சிலை வைக்கப்படவில்லை, கடன்காரர்களுக்குக்கூட ஞாபகம் மங்காத சமயம். அந்த நேரத்தில், பத்திரிகை ஆபீஸ் மாறி மாறி அலைந்தது, சினிமாவில் நாலு காசு பார்க்கலாம் என்று போனது, சொந்தமாகப் படக் கம்பெனி ஆரம்பித்தது, 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனே போய்க் காசநோயோடு திரும்பியது, திருவனந்தபுரத்தில் முடிந்தது என்று ஒரு எழுத்தாளன் பிழைக்கப் பட்ட பாட்டை எழுத வேண்டியிருந்தது. செத்த பிறகு எனக்கு நிதி திரட்டாதீர்கள் என்று பாட்டே எழுதிவைத்துவிட்டுப் போன மனிதர் புதுமைப்பித்தன். அவருடைய கதையைச் சொல்ல உட்காருகிறவனுக்கு அந்தப் பாட்டு காதில் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கும் இல்லையா?

நான் அந்தப் புத்தகத்தை முதலில் படித்தது இரவல் வாங்கி, ஒரே மூச்சில். அப்புறம் சில வருடம் கழித்து மறுபடி படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. இதில் நமக்குப் பிடிப்பது எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிற விஷயங்கள். கதைகளை எடைபோடுகிற இடங்களில் அந்த அளவுக்குப் பிடிப்பு வருவதில்லை. நண்பன் எழுதும்போது விமர்சகன் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தச் சாட்சியை அன்று அவர் எழுதாமல் விட்டிருந்தால் பின்னால் யாராலும் எழுதியிருக்க முடியாது.

இப்போது பாரதிக்கு வாருங்கள். பாரதி இறந்தது 1921, ரகுநாதன் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. பேசிப் பழகியதில்லை, கூட உட்கார்ந்து சிரித்ததில்லை. கையில் இருந்தது அச்சில் வந்த காகிதம் மட்டும். அதனால்தானோ என்னவோ, விமர்சகர் ரகுநாதன் முழு பலத்தோடு தெரிவது இங்கேதான். ஒரு உதாரணம். இளம் பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார், அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாமாக இருந்தால் 'ஆங்கிலக் கவி மேல் ஒரு மோகம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். ரகுநாதன் அந்த ஒற்றைப் பெயரைப் பிடித்துக்கொண்டு, ஷெல்லியிடம் இவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று தேடிக்கொண்டு போய் 'பாரதியும் ஷெல்லியும்' என்று ஒரு முழு நூலே எழுதினார். தாகூரோடு வைத்துப் பார்க்க 'கங்கையும் காவிரியும்'. பாட்டை அது பிறந்த வருடத்து அரசியலில் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கும் 'பாரதி: காலமும் கருத்தும்' அதற்கெல்லாம் பிறகு வந்தது. 1983இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது.

அவர் மார்க்சியர், அதை ஒளித்ததும் இல்லை. 'சோவியத் நாடு' பத்திரிகையில் பல வருடம் வேலை பார்த்தவர். அந்தப் பார்வை சில இடங்களில் அவருக்கு வெளிச்சம், சில இடங்களில் கடிவாளம். 'இளங்கோவடிகள் யார்?' என்ற பெரிய நூலில், சேர மன்னனின் தம்பி என்ற பழைய கதையை ஒதுக்கிவிட்டு, சிலம்பை எழுதியவர் வணிக வர்க்கத்தைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடுவார். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு, கோவலன் வீட்டுச் செல்வத்தைப் பற்றிய வரிகளைப் பழையபடி சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

சரி, கடைசியாக ஒன்று. 1999இல், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, ரகுநாதன் மறுபடியும் புதுமைப்பித்தனிடமே வந்தார். 'புதுமைப்பித்தன் கதைகள்: சில விமர்சனங்களும் விஷமத்தனங்களும்' என்று தலைப்பு. தலைப்பிலேயே கோபம் தெரிகிறது பாருங்கள். விமர்சனம் என்றால் பதில் சொல்லலாம், விஷமம் என்று பெயர் வைத்துவிட்டால் அது சண்டை. நண்பன் இறந்து ஐம்பது வருடம் ஆகியும் அவருக்காக மல்லுக்கு நிற்கிறார். அதற்கு முந்தைய வருடம்தான் ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி, புதுமைப்பித்தனின் தொகுக்கப்படாத எழுத்துகளைத் தேடியெடுத்து 'அன்னை இட்ட தீ'யாகப் பதிப்பித்திருந்தார். அது பழைய இதழ்களைப் புரட்டி, பாட வேறுபாடுகளை ஒப்பிட்டுப் பார்த்துச் செய்கிற வேறு தலைமுறையின் வேலை. அந்த வேலைக்குப் பக்கத்தில் ரகுநாதனின் 'புதுமைப்பித்தன் வரலாறு' நூலை வைத்துப் பார்த்தால், எது ஆவணம், எது நினைவு என்று பிரித்துக் காட்டாமல் அவர் எழுதிக்கொண்டு போவது பளிச்சென்று தெரியும். எனக்கு அந்த இரண்டு புத்தகமும் வேண்டும்.

2001இல் ரகுநாதன் காலமானார். அவர் சேர்த்துவைத்த புத்தகங்கள் இப்போது எட்டயபுரத்தில், அவர் பெயரிலேயே ஒரு நூலகமாக இருக்கின்றன. நேரில் பழகிய நண்பரின் ஊருக்குப் போகாமல், பார்த்தே இராத பாரதியின் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.