தறிச்சத்தத்தில் பழகிய காது

(சோமனூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

"சினிமாப் பாட்டு நாங்களே கேட்டுக்கிறோம், வேற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க" என்று கேட்டு என்னை அழைத்திருக்கிறீர்கள். ஆல்பம் பெயர்களுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் தறிக்குடோனுக்கு உங்களை ஒருமுறை கூட்டிப் போகிறேன்.

எட்டுத் தறி. எட்டும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் வாய் அசைவது தெரியும், பேச்சு கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்து நிம்மதியாகத் தூங்குவார். ஒருநாள் ராத்திரி திடுமென எழுந்து உட்கார்ந்து, "நாலாவது தறியில தார் தீந்துருச்சு, போய்ப் பாரு கண்ணு" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள், நூல் தீர்ந்த வெறும் தார்க்கட்டை. எனக்கு ஒரே இரைச்சலாகக் கேட்டது அவருக்கு எட்டுத் தனித்தனிக் குரலாகக் கேட்டிருக்கிறது. எப்படிப்பா தெரிஞ்சுது என்றேன். "கேட்டுட்டே இருந்தாத் தெரியும் கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

வழக்கமான மெட்டை விட்டுவிட்டு ஒலியையே சோதித்துப் பார்க்கிற சோதனை இசையை "இதென்ன இரைச்சல்" என்று ஒதுக்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் வரும். அதனால் முதலில் உங்களுக்குச் சொல்ல நினைப்பது 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்ற தொகுப்பை. வெளியானது 2023-ல். உள்ளே இருக்கும் ஒலி 1969 முதல் 1972 வரை பதிவானது. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறதல்லவா, அங்கே 1969-ல் ஒரு மூக் சின்தசைசர் வந்து இறங்கியது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து அதை நிறுவிக் கொடுத்தார். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி வயரை இங்கே பிடுங்கி அங்கே குத்தி, வெறும் மின்னழுத்தத்தை ஒலியாக மாற்றுகிற பெட்டி அது. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். பதிவு செய்த அந்த டேப்புகள் ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பால் பர்கஸ் என்ற கலைஞர் தேடி எடுத்து வெளியிட்டார். நம் நாட்டில் கருவியும் கற்பனையும் அன்றைக்கே இருந்திருக்கின்றன, கேட்கத்தான் ஆள் கிடைக்கவில்லை என்று நினைக்கும்போது எனக்கு மனசு கனத்துப் போகிறது.

பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங்குக்கும் இதே கதைதான். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று எலக்ட்ரானிக் கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். விற்கவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபிறகுதான், பிற்பாடு சிகாகோவில் பிறந்த ஆசிட் ஹவுஸ் என்கிற எலக்ட்ரானிக் நடன இசையின் சாயல் இதிலேயே இருக்கிறதே என்று உலகம் திரும்பிப் பார்த்தது.

அடுத்து, நீளம். "ஒரு பாட்டு பத்து நிமிஷமா?" என்று சலித்துக்கொள்கிறார்கள். நாம் சலித்துக்கொள்ளலாமா? 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, பொன்னர் சங்கர் கதையான அண்ணன்மார் கதையை டேப்பில் பதிவு செய்தார். 18 இரவுகள் பாடிய கதை அது! உடுக்கை அடித்து ஒருவர் பாட, பின்பாட்டுக்காரர் அதே வரியை வாங்கிப் பாட, விடிய விடிய உட்கார்ந்து கேட்ட சனம் நாம். வரி திரும்பத் திரும்ப வரும்போது அலுப்பதற்குப் பதிலாக, இன்னும் உள்ளே போகிற பழக்கம் நமக்கு இருந்திருக்கிறது.

அந்தப் பழக்கத்தோடு பாடகி கானவ்யாவைக் கேளுங்கள். நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர், கதையைப் பாட்டோடு சொல்லும் அரிகதை மரபில் பயின்றவர். 2024-ல் வந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஆல்பத்துக்காக ஹூஸ்டன் நகரில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களை ஒரு வழிபாட்டுக்குக் கூட்டுவதுபோலக் கூட்டினார். ஜாஸ் கலைஞராகத் தொடங்கி கலிபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து பஜனை பாடிய ஆலிஸ் கோல்ட்ரேனுக்குச் செலுத்தும் வணக்கம் அது. குரல் எங்கேயும் அவசரப்படாது. மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழும். அடுத்த ஆண்டே 'நிலம்' வந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் நிலத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

வார்த்தை வேண்டும், கோபம் வேண்டும் என்கிற இளவட்டங்களுக்கு, ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019-ல் செய்த 'தெருக்குரல்' ஆல்பம் இருக்கிறது. திருக்குறளைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்தத் தலைப்புக்கே ஒரு கும்பிடு போடலாம்.

கேட்கும் விதத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஆல்பத்தைத் தலை முதல் கடைசி வரை, அதே வரிசையில், மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை பிடிக்காமல் போகலாம். இரண்டாம் தடவை ஒரு ஓரம் பிடிபடும். மூன்றாம் தடவையும் ஒன்றுமே தோன்றவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள்.

பிடித்துவிட்டால் காசு கொடுத்து வாங்குங்கள். நூல் விலையும் கூலியும் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கிற ஊர் இது, அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ஒரு பைசாவும் கிடையாது. பேண்ட்கேம்ப் என்று ஒரு தளம் இருக்கிறது. அங்கே நூறு ரூபாய்க்கு ஆல்பம் வாங்கினால் சராசரியாக 82 ரூபாய் கலைஞருக்கோ அவருடைய பாட்டை வெளியிடும் சிறு லேபிளுக்கோ போய்ச் சேருகிறது. கொரோனா நேரத்தில், 2020 மார்ச்சில், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் தனி வெள்ளிக்கிழமைகளையும் அவர்கள் தொடங்கினார்கள். கூலி கட்டுப்படியாகாமல் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். பாட்டுக்காரருக்கும் அதே கூலிப் பிரச்சினைதானுங்க.

பேச்சு போதும். ஃபேனை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எஸ்.சி. சர்மாவின் 'டான்ஸ் மியூசிக்' ஒலிக்கப் போகிறது. ஒரே துடிப்பு திரும்பத் திரும்ப வரும். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது என்று கேட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.