பிள்ளைக்காக எழுத்தில் கேளுங்கள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

இலங்கையில் ஒரு பிள்ளை 16 வயது வரை கட்டாயம் பாடசாலைக்குப் போக வேண்டும் என்ற விதி 2016இல் வந்தது. அதற்கு முன் அது 14 வயதாக இருந்தது. ஆனால் வேலைக்குச் சேர்க்கக்கூடிய ஆகக் குறைந்த வயது மட்டும் 14ஆகவே கிடந்தது. அதை 16 ஆக்கிய திருத்தம் 2021இல்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இடையில் ஐந்து வருடம். 15 வயதுப் பெடியன் வகுப்பில் இருக்க வேண்டும் என்று அந்த ஐந்து வருடமும் ஒரு சட்டம் சொன்னது. அவனைக் கடையில் வேலைக்கு வைத்தால் பிழையில்லை என்று இன்னொரு சட்டம் சொன்னது. அந்த இடைவெளிக்குள் எங்கள் மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் விழுந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

நான் திருகோணமலையில் பிள்ளைகளின் வழக்குகளைப் பார்க்கிற சட்டத்தரணி. பாடசாலையை விட்ட பிள்ளை ஒரே நாளில் விடுவதில்லை. கரைவலைக் காலத்தில் விடிய முன்னம் கயிறு இழுக்கப் போவான். வலை கரையேறி, மீன் பிரித்து முடிய எட்டு மணி தாண்டிவிடும். உள்ளங்கை உரிந்துபோன கையால் பேனை பிடிக்க ஏலாது. முதலில் பிந்திப் போவான், பிறகு கிழமையில் இரண்டு நாள் போவான், பிறகு இடாப்பில் பெயர் மட்டும்தான் இருக்கும். "அவன் போகமாட்டன் எண்டுறான் மிஸ், நான் என்ன செய்ய?" என்று தாய் கேட்பார். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு வீட்டு வாடகை இருக்கிறது, கடன் கட்டும் நாள் இருக்கிறது. ஆனால் பாடசாலை வரவை மேற்பார்வை செய்யக் குழுக்கள் அமைக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே, அந்தக் குழு அந்த வீட்டு வாசலுக்கு வந்ததா என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அதை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சட்டம் தானாக மாறுவதில்லை. எட்டு வயதுப் பிள்ளையும் குற்றம் செய்யக்கூடியது என்று 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை வைத்திருந்தது. அந்த வயதை 12 ஆக உயர்த்த 2018 வரை, 135 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமோ 16 வயதோடு நின்றுவிட்டது. 17 வயதுப் பிள்ளை நீதிமன்றத்தில் வெகுகாலம் வளர்ந்தவர்களோடு வளர்ந்தவராக நிறுத்தப்பட்டது அதனால்தான். இவை அசைந்தது யாரோ விடாமல் எழுதிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்ததால். அந்த எழுத்து எங்கள் ஊர்களிலிருந்தும் போக வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்கு இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கிறேன்.

பொலிஸ் நிலையத்திலிருந்தே தொடங்குவோம். வெருகலிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெற்றார் முறைப்பாடு கொடுக்க வருகிறார்கள். பிள்ளை தமிழில் சொல்கிறது, எழுதுபவர் சிங்களத்தில் எழுதுகிறார், கீழே கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். வாசிக்கத் தெரியாத தாளில் அந்தப் பிள்ளை கையெழுத்து வைக்கிறது. பிறகு நீதிமன்றத்தில், "நீ அன்றைக்கு இப்படிச் சொல்லவில்லையே" என்று அதே தாளைத் தூக்கிக் காட்டுவார்கள். இதை நான் ஒரு தடவை இரண்டு தடவை பார்க்கவில்லை.

ஆனால் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு என்ன சொல்கிறது? எழுதிய வாக்குமூலத்தைச் சொன்னவருக்குக் காட்ட வேண்டும், அல்லது வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழி அவருக்கு விளங்காவிட்டால் விளங்குகிற மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். அதன் மேல் விளக்கம் சொல்லவும் புதிதாகச் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. கையெழுத்து அதற்குப் பிறகுதான். ஆகவே, "எங்களுக்குத் தமிழில் சொல்லுங்கோ, பிறகு கையெழுத்து வைக்கிறோம்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அது அவமரியாதையும் இல்லை, சண்டையும் இல்லை.

அப்புறம் நீதிமன்றம். துன்புறுத்தப்பட்ட ஒரு சிறுமி சாட்சி சொல்ல வருகிறாள் என்று வையுங்கள். விறாந்தையில் ஒரே வாங்கு. அடுத்த முனையில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் சொந்தக்காரர்கள் இருந்து அவளையே பார்க்கிறார்கள். மத்தியானம் வரை இருந்து, தவணை போட்டு, வீட்டுக்குப் போகிறாள். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் வருகிறாள். இப்படி வருடக்கணக்கில் போனால் எந்தப் பிள்ளைக்குத்தான் நினைவு தெளிவாக இருக்கும்? எந்தக் குடும்பம்தான் சமரசத்துக்கு இறங்காது? பிள்ளையின் வாக்குமூலத்தை ஆரம்பத்திலேயே ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக ஏற்கலாம் என்று 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்துவிட்டது. அந்த வழி வெருகல் பிள்ளைக்கும் எட்ட வேண்டும். சிறுவர் வழக்குகளுக்கு முன்னுரிமை வேண்டும், காத்திருக்கத் தனி அறை வேண்டும், தமிழ் தெரிந்த, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

சாட்சி பயந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சியம் போதவில்லை. சொல்லக்கூடியவர்களில் சிலர் அச்சத்தால் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் இந்த நாட்டில் முதன்முதலாக வந்தது 2015இல், அந்தப் பிள்ளைகள் போய் ஒன்பது வருடத்துக்குப் பிறகு. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்திருக்கிறது. அது தாளில் மட்டும் இருக்க விடக்கூடாது.

இன்னொரு சிக்கல், யாரிடம் போவது என்பது. நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாண சபையின் கீழ் வருபவர். சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் மத்திய அரசின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையைச் சேர்ந்தவர். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருப்பார். மூவரும் நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் கிண்ணியாவிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிற தாய்க்கு, "இது எங்கள் வேலை இல்லை, அங்கே போங்கள்" என்ற பதில் இரண்டு தடவை கிடைத்தால் மூன்றாம் தடவை அவர் வரமாட்டார். எந்தக் கதவைத் தட்டினாலும் அந்தக் கதவே முறைப்பாட்டை எழுதி எடுத்து, உரிய இடத்துக்குத் தானே அனுப்ப வேண்டும். கொள்கை வகுப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இது ஒன்றைத்தான்.

சரி, நேயர்கள் என்ன செய்யலாம்? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். எங்கள் ஊர்ப் பாடசாலையிலிருந்து கடந்த மூன்று வருடத்தில் சாதாரண தரத்துக்கு முன் எத்தனை பிள்ளைகள் விலகினார்கள், எத்தனை வீடுகளுக்கு அதிகாரிகள் போனார்கள், அறிக்கையின் பிரதி எங்கே என்று கல்வி வலயத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் அதை எழுதி எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரு கிராமத்துப் பெற்றார் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அந்த எண்ணிக்கை மாவட்டக் கூட்டத்தில் மேசைக்கு வரும். கொள்கை மாற்றம் கொழும்பில் மட்டும் தொடங்குவதில்லை.

2017இல் ஆசிரியர் ஒருவர் அடித்ததில் 15 வயது மாணவனின் காது பாதிக்கப்பட்டது. அந்தக் குடும்பம் பேசாமல் இருக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2021 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு, "அடித்தால்தான் பிள்ளை படிக்கும்" என்று சொல்பவர்களிடம் பேச எங்களுக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இப்படி உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. கோயில் திருவிழா முடியட்டும், பெருநாள் முடியட்டும், பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறோம் என்று நாட்களை விட்டுவிடாதீர்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வைத்தியசாலைத் துண்டு, முறைப்பாட்டு இலக்கம், இந்த மூன்றையும் கொண்டுபோங்கள். ஒரு பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

நன்றி. வணக்கம்.