வழி கேட்ட கலைஞர்

அவையோருக்கு வணக்கம். கலைஞரைப் பற்றிப் பேச வருகிறவர் திரையில் படங்களைக் காட்டியபடி பேசுவதுதான் வழக்கம். இன்று நான் எதையும் காட்டப் போவதில்லை. நான் பேச வந்திருக்கும் டச்சுக் கலைஞர் ஸ்டான்லி ப்ரௌன் அதை விரும்பியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து தன் முகம், பேட்டி, வாழ்க்கைக் குறிப்பு, படைப்புகளின் ஒளிப்படம் எதுவும் வெளிவர அவர் இடம் கொடுக்கவில்லை.

ஆகவே வாழ்க்கைக் கதை கொஞ்சம்தான். 1935-இல், அன்று டச்சு ஆட்சியில் இருந்த சுரினாமின் பரமரிபோவில் பிறந்தார். 1957-இல் ஆம்ஸ்டர்டாம் வந்தார். 2017-இல் மறைந்தார். தொடக்ககாலப் படைப்புகளை அவரே அழித்துவிட்டார்.

1960-இல் ஆம்ஸ்டர்டாமின் செருப்புக் கடைகள் அனைத்தும் தன் கண்காட்சி என்று அறிவித்தார். அடுத்து வந்ததுதான் என்னை ஆட்டிப்படைக்கும் படைப்பு. தெருவில் போகிறவரை நிறுத்துவார். நகரின் வேறோர் இடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்பார். வெள்ளைத் தாளை நீட்டி, வரைந்து காட்டச் சொல்வார். பிறகு அந்தத் தாளில் ‘திஸ் வே ப்ரௌன்’ (‘இந்த வழி, ப்ரௌன்’) என்று முத்திரை குத்துவார். அவ்வளவுதான், படைப்பு முடிந்தது.

அந்தத் தாள்களை நினைத்துப் பாருங்கள். வளைந்த கோடு ஒன்று, குறுக்கே இரண்டு கோடு, ஓர் அம்புக்குறி. பலவற்றில் தெருப் பெயர்கூட இருக்காது. வரைகிறவர்கள் சில வேளை வரைவதைவிட அதிகம் பேசுகிறார்கள் என்பதை ப்ரௌன் கவனித்தார். தனக்கு நன்றாகத் தெரிந்ததை, ‘இதைச் சொல்லவா வேண்டும்?’ என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுகிறார்கள். விட்டுப்போனது தாளில் தெரியாது. ஊர்க்காரருக்கும் புதியவருக்கும் நடுவே இருக்கும் தூரம் அங்கேதான் இருக்கிறது.

அதன்பின் தன் காலடிகளை எண்ணினார். மீட்டரை அப்படியே ஏற்காமல் தன் பாதம், தன் முழம், தான் ஓர் எட்டு வைக்கும் தூரம் ஆகியவற்றையே அளவுகளாக்கிக்கொண்டார். உலோக இழுப்பறைகளில் அட்டைகளை அடுக்கி, அட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று குறித்து வைத்தார். ஆயிரம் அட்டை சேர்ந்தால் ஒரு மீட்டர்.

இதிலென்ன கலை என்று கேட்பவர்கள் உண்டு. பொருளைவிட எண்ணத்தையே படைப்பாகக் கொள்ளும் கருத்துருக் கலையில் பெரும்பகுதி எனக்கும் வறட்டுக் கணக்காகத்தான் படும். ப்ரௌன் அப்படியில்லை. யாரோ வைத்த அளவுகோலுக்குப் பக்கத்தில், நடந்து தேய்ந்த ஒரு மனிதக் காலை அவர் சமமாக வைக்கிறார்.

1982-இல், நாடுகள் தத்தம் அரங்குகளில் கலையைக் காட்டும் வெனிஸ் பினாலே கண்காட்சியில், நெதர்லாந்தின் அரங்கை அவருக்கே கொடுத்தார்கள். ஆனால் என் மனம் அந்த வழி கேட்ட நாட்களுக்கே திரும்புகிறது. குடியேற்ற நாட்டிலிருந்து வந்த கறுப்பின மனிதர் தலைநகரின் தெருவில் நின்று வழி கேட்கிறார். அந்நகரத்தவர் அவருக்காகப் படம் போடுகிறார்கள். அவரைப் புரிந்துகொள்ள நான் இந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்குகிறேன். வேறு விதமாகப் பார்ப்பவர்கள் கேள்வி நேரத்தில் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.