பாதி காசு எழுத்தாளருக்கு, மீதி பாதி யாருக்கு? புக்கர் வரைக்கும் போன தமிழ் நாவல்

50,000 பவுண்டு மக்களே. ஒரே ஒரு புத்தகத்துக்கு. ஆனா எழுதினவருக்கு அதுல கரெக்டா பாதிதான், மிச்ச 25,000 அந்த புத்தகத்த இங்கிலீஷுக்கு கொண்டுபோனவருக்கு. இன்டர்நேஷனல் புக்கர்ங்கற அந்த பரிசுக்கு 2023ல போட்டி போட்ட 13 புத்தகத்துல ஒண்ணு நம்ம தமிழ்ல எழுதின நாவல், பெருமாள்முருகனோட பூக்குழி. தமிழ்லேர்ந்து அந்த லிஸ்ட்டுக்கு போன முதல் புத்தகமே அதான்.

பேக்ரவுண்ட வேகமா முடிச்சிடுறேன். புக்கர்ங்கறது பிரிட்டன்ல குடுக்குற இலக்கிய பரிசு, அதுல ரெண்டு இருக்கு. 1969லேர்ந்து குடுக்குறது இங்கிலீஷ்லயே எழுதின நாவலுக்கு. இன்னொண்ணு இன்டர்நேஷனல் புக்கர், வேற மொழியிலேர்ந்து இங்கிலீஷுக்கு வந்து பிரிட்டன்லயோ அயர்லாந்துலயோ வெளியான புத்தகத்துக்கு. நாம பேசப்போறது இந்த ரெண்டாவது. அவ்ளோதான்.

இப்ப கதை. குமரேசன்னு ஒரு பையன், சோடா கடையில வேலை, தோலூர்ங்கற ஊர்ல சரோஜாவ பாத்து புடிச்சுப்போய் கல்யாணம் பண்ணி தன் கிராமத்துக்கு கூட்டிட்டு வர்றான். பஸ்ஸ விட்டு இறங்கும்போதே மண்டைய பொளக்குற வெயில். ஊர் ஜனம் மொத்தமும் கேக்குறது ஒரே கேள்வி, அந்த பொண்ணு இன்னா சாதி. மிச்சத்த நீங்களே படிங்க, நான் சொல்லமாட்டேன். ஆனா தோலூர்னு படிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வளந்தவங்களுக்கு புரியும், தோல் ஷாப்பு கேட்டு கிட்ட போனா உப்பு தடவி அடுக்கின பச்சைத்தோல் வாசனை அடிக்குமே, அது நேரா மூக்குல ஏறிச்சு.

(ஸ்க்ரீன்ல: ராத்திரி, பரப்பி வச்ச தணல்)

இப்ப வர்றதுதான் இந்த வீடியோ போட்டதுக்கே காரணம். பூக்குழின்னா இன்னா? மதுரை, திண்டுக்கல் பக்கம் பூக்குழி இறங்குறதும்பாங்க, கொங்கு பக்கம் குண்டம் இறங்குறது, நம்ம பக்கம் தீமிதி. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் படிச்சு, ராத்திரி பூரா கூத்து ஆடி, கடைசி நாள் காலையில துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. நோட்டீஸ்ல அக்னி வசந்த விழான்னு போடுவாங்க பாருங்க, தீயையும் வசந்தத்தையும் ஒரே பேர்ல வச்சிருக்காங்க, அங்க நெருப்ப பூவுங்கறாங்க, இங்க வசந்தங்கறோம். சின்ன வயசுல எங்க மாமா தோள்மேல உக்காந்து பாத்திருக்கேன், கட்டை எரிஞ்சு தணலானதும் நீள கொம்பால தட்டித்தட்டி பரப்புவாங்க, அத்தனை தூரம் தள்ளி நின்னும் எனக்கு மூஞ்சி காஞ்சுது, ஆனா மஞ்சத்துணி கட்டி வேப்பிலைய புடிச்சிக்கினு வர்றவங்க அதுமேல நடந்து அந்தப்பக்கம் போயிடுவாங்க.

அந்தப்பக்கம் போயிடுவாங்க, அத மனசுல வச்சிக்கோங்க. இங்கிலீஷ்ல இந்த நாவலோட பேரு பையர். பையர்னா சிதை. பொணத்த எரிக்க அடுக்குற கட்டை. சிதைக்கு அந்தப்பக்கம்னு ஒண்ணு கிடையாது. தமிழ் தலைப்புல பூ இருக்கு, சாமி இருக்கு, பொழச்சு வெளிய வர ஒரு வழி இருக்கு, அதனாலயே அது இன்னும் பயமா இருக்கு. இங்கிலீஷ்ல நெருப்பு மட்டும்தான் மிஞ்சுது. தலைப்பு தப்புன்னு நான் சொல்ல வரல, பூக்குழிக்கு இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை எங்க இருக்கு சொல்லுங்க? ஒரு தலைப்புக்கே இவ்ளோ இழப்பு இருக்குன்னா, நாவல் முழுக்க ஒவ்வொரு வரியிலயும் அத மொழிபெயர்த்த அனிருத்தன் வாசுதேவன் எவ்ளோ முட்டி மோதியிருப்பாரு. பாதி காசு குடுக்குறது ரொம்ப நியாயம், என்னை கேட்டா எல்லா பரிசும் அப்படித்தான் இருக்கணும். அதே 2023ல பெருமாள்முருகனோட ஆளண்டாப் பட்சி இங்கிலீஷ்ல வந்து ஜேசிபிங்கற இந்திய இலக்கிய பரிசு வாங்குச்சு, அதுல எழுத்தாளருக்கு 25 லட்சம், மொழிபெயர்த்த ஜனனி கண்ணனுக்கு 10 லட்சம். தனியா குடுத்தது நல்ல விஷயம், ஆனா பாதி பாதிதான் எனக்கு புடிச்சிருக்கு.

இன்னொண்ணு கவனிங்க. பூக்குழி தமிழ்ல வந்தது 2013, இங்கிலீஷ்ல இந்தியாவுல 2016, பிரிட்டன்ல 2022. அதுக்கப்புறம்தான் போட்டிக்கே தகுதி. எழுதி பத்து வருஷம் ஆகியிருக்கு!

ஜெயிச்சுதா? இல்ல. ஆறு புத்தகம் இருக்கற அடுத்த லிஸ்ட்டுக்கே போகல. ஜெயிச்சது பல்கேரிய மொழி நாவல், கியோர்கி கோஸ்போதினோவ் எழுதினது. அந்த நாட்டு ஜனத்தொகை 70 லட்சத்துக்கும் கீழ, தமிழ்நாட்டுல 2011 கணக்குப்படியே 7 கோடிக்கு மேல. அதுக்கு முந்தின வருஷம் இந்தியிலேர்ந்து கீதாஞ்சலி ஸ்ரீ வாங்கிட்டாங்க, 2025ல கன்னடத்துலேர்ந்து பானு முஷ்தாக், அதுவும் சிறுகதை தொகுப்புக்கு. பேர்ணாம்பட்டு தாண்டி மலை ஏறினா கொஞ்ச தூரத்துல கர்நாடகா மக்களே, பக்கத்து வீட்டுக்கே வந்துடுச்சு. நம்மகிட்ட நாவலுக்கு பஞ்சமே இல்ல, உக்காந்து மொழிபெயர்க்கிற ஆளும், அத நம்பி போடுற பதிப்பகமும்தான் வேணும். காலேஜ்ல இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கிற பசங்க இந்த வீடியோ பாத்தா, புடிச்ச தமிழ் கதையில ஒரே ஒரு பக்கத்த இன்னிக்கு ராத்திரி இங்கிலீஷ்ல எழுதிப்பாருங்க, நிஜமா கேக்குறேன்.

அப்புறம் ஆரணி, செய்யாறு, போளூர், குடியாத்தம் ஆளுங்க, தணல் பரப்புற அந்த குழிக்கு உங்க ஊர்ல இன்னா பேரு? பாட்டிகிட்ட கேட்டு கமெண்ட்ல போடுங்க.